பிச்சைப் பாத்திரத்துக்குச் சைவம் ஏது?

'சைவம்' என்கிற சொல்லிலிருந்து தொடங்கலாம். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இருக்கிற ஒரே சொத்து சொல்தானே. காய்கறிச் சோற்றுக்குத் தமிழ்நாட்டில் 'சைவம்' என்று பெயர். கறிச்சோற்றுக்கு 'அசைவம்'. கறி தின்கிறவன் சோற்றுக்குச் சொந்தமாக ஒரு பெயர்கூட இல்லை. 'சைவம் அல்லாதது' என்பதுதான் அதன் பெயர். அவர்ணன், அசைவன், அசுத்தன் என்று 'அ' போட்டே நம்மைக் கூப்பிட்டுப் பழகிய வாய் இது.

ஒரு மதத்தின் பெயர் சோற்றுக்கு எப்படி வந்தது? பதிகத்துக்குப் பதிகம், பத்தாவது பாட்டில் பௌத்தரையும் சமணரையும் ஏசித் தீர்த்தார் சம்பந்தர். அப்படி ஏசி விரட்டிய மதம், விரட்டப்பட்டவர்கள் பேசிய கொல்லாமையை மட்டும் பத்திரமாக எடுத்துத் தன் இலையில் வைத்துக்கொண்டது, தன் பெயரையும் அதற்குச் சூட்டிவிட்டது. ஈழத்தில் 'மரக்கறி' என்பார்கள். அந்தச் சொல்லில் மரம் இருக்கிறது, மதம் இல்லை. இங்கே நாம் கத்தரிக்காயைக் கூடச் சிவனைத் தொட்டுத்தான் தின்ன வேண்டியிருக்கிறது.

இப்போது நம்முடைய பௌத்த விகாரை வாசலிலேயே 'சைவ உணவு மட்டும்' என்று பலகை தொங்குகிறது. சம்பந்தர் பார்த்தால் சிரிப்பார்.

நான் கற்பனையாகச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்துச் சேரி ஒன்றில் சனங்கள் கூலிக்காசைப் போட்டு ஒரு விகாரை கட்டினார்கள். தகரக் கூரை, சிமெண்டுப் புத்தர், பக்கத்தில் நீலக் கோட்டில் பாபாசாகேப், ஞாயிற்றுக்கிழமை தோறும் திரிசரணம், பஞ்சசீலம். ஒரு புத்த பூர்ணிமைக்கு வெளியூரிலிருந்து பிக்கு வந்தார். தெருவே சோறாக்கியது. கூலி வேலைக்குப் போய்த் தனியாகப் பிழைக்கிற ஓர் ஆயா, கருவாட்டுக் குழம்பு வைத்து, தூக்குவாளியை முந்தானையால் மூடி எடுத்துவந்தாள். வாசலிலேயே மறித்துவிட்டார்கள். மறித்தவன் நம்ம பையன், படித்த பையன். "ஆயா, அதெல்லாம் இங்க கொண்டாரக் கூடாது. விகாரை தீட்டாயிடும்" என்றான்.

தீட்டு! இந்தச் சொல்லை வாயில் போட்டு மென்றுவிட்டு எப்படியடா புத்தம் சரணம் சொல்கிறாய்? ஆயா ஒன்றும் கத்தவில்லை. "கோயில்ல வுட மாட்டேன்றான்னுதான் இங்க வந்தோம். இங்கயும் வாசப்படி இருக்குதா?" என்று கேட்டுவிட்டுத் தூக்குவாளியோடு திரும்பிப் போனாள். அடுத்த வாரம் நிர்வாகக் குழு கூடித் தீர்மானம் போட்டுப் பலகை எழுதியது. புலால் உண்டவர்கள் அன்றைக்கு உள்ளே வரவேண்டாமாம்.

இந்த நோய் ஒரு ஊரோடு நிற்கவில்லை. 'பௌத்தன் என்றால் கறி தின்னக் கூடாது' என்பது ஏதோ பத்திரத்தில் எழுதிக் கொடுத்தது மாதிரிப் பேசப்படுகிறது. இதற்குப் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

*

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விகாரையில் காய்கறிச் சாப்பாடு போடுவதே குற்றம் என்பது என் வாதமல்ல. நான் அப்படி ஒரு சாப்பாட்டைச் சாப்பிட்டிருக்கிறேன், நல்ல சாப்பாடு.

எங்கள் பக்கத்துத் தோழர்கள் சிலரோடு புத்தகயா போயிருந்தேன். அந்த ஊரில் தாய்லாந்துக்காரருக்கு ஒரு விகாரை, பர்மியருக்கு ஒன்று, திபெத்தியருக்கு, ஜப்பானியருக்கு, வியட்நாமியருக்கு, சீனருக்கு என்று உலகத்துப் பௌத்தமெல்லாம் தெருவுக்குத் தெரு இருக்கிறது. அடுப்பும் ஒரே மாதிரி எரிவதில்லை. தேரவாத நாட்டுப் பிக்குகள் தானமாக வந்ததைச் சாப்பிடுகிறார்கள், அதில் மீனும் இறைச்சியும் இருக்கும். காய்கறி விளையாத உயரத்தில் வாழ்ந்த திபெத்தியர்கள் இறைச்சி தின்றே பௌத்தம் காத்தவர்கள். சீன மரபில் வந்த மடாலயங்களில் இறைச்சி கிடையாது, பூண்டு வெங்காயமும் கிடையாது. ஒரே புத்தர், மூன்று விதமான அடுப்பு. யாரும் யாரையும் 'நீ பௌத்தனா' என்று கேட்பதில்லை.

கிழக்காசிய மரபைச் சேர்ந்த ஒரு மடாலயத்தில் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். நீள மேசை, நீள பெஞ்சு. சோறு, கீரை, காளான், சோயாக்கட்டிப் பொரியல், தண்ணியாக ஒரு சூப். பால் இல்லை, தயிர் இல்லை, நெய் இல்லை. நம்ம ஊர்ச் 'சைவ'க்காரன் உட்கார்ந்தால் 'மோர் எங்கே' என்று கேட்டிருப்பான். பிக்குணிகளும் எங்களோடு ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். மணி அடித்ததும் ஏதோ ஓதினார்கள். என்ன ஓதுகிறீர்கள் என்று பிறகு கேட்டேன். சாப்பிடும் முன் நினைக்கவேண்டிய ஐந்து நினைப்புகளாம். அதில் முதலாவது: இந்தச் சோறு எங்கிருந்து வந்தது, இது இங்கே வந்து சேர எவ்வளவு உழைப்பு செலவாகியிருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது. அப்புறம்தான் இதைத் தின்ன எனக்குத் தகுதி உண்டா, பேராசை இல்லாமல் தின்கிறேனா, உடம்புக்கு மருந்தாகத் தின்கிறேனா என்பதெல்லாம்.

தோழர்களே, இந்த முதல் நினைப்பை எந்த அக்கிரகாரத்து இலையிலாவது கேட்டதுண்டா? இலையைச் சுற்றித் தண்ணீர் தெளித்து மந்திரம் சொல்வான். நாற்று நட்டவள் பெயர் அதில் வராது. சீனத்துத் தியான மரபில் பைஜாங் என்ற ஆசான் இருந்தார், 814இல் இறந்தவர். தள்ளாத வயதிலும் மண்வெட்டி பிடித்தாராம். பாவம் கிழவர் என்று சீடர்கள் கருவிகளை ஒளித்து வைத்தார்கள். வேலை செய்யாத அன்றைக்கு அவர் சாப்பிட மறுத்துவிட்டார் என்று கதை. அந்தக் கதை வளர்ந்த அடுப்பில் வெந்த சோறு அது.

அந்த மடாலயத்தில் மரத்தில் குடைந்த மீன் ஒன்றைத் தட்டித்தான் ஓதினார்கள். ஒரு மூலையில் பெரிய முரசு நின்றது. மாட்டுத்தோல். எங்கள் தாத்தா பறையடித்தவர். தோலைப் பார்த்தால் எனக்குத் தெரியும். இறைச்சி தொடாத வீட்டிலும் தோலை யாரோ உரித்துத்தான் ஆகவேண்டும். அதைப் பற்றி அங்கே யாரும் வெட்கப்படவில்லை, மறைக்கவுமில்லை.

கெட்டது வெளியில் கிடைத்தது. கை கழுவுகிற இடத்தில் சென்னையிலிருந்து தியானம் பழக வந்த பெரியவர் ஒருவர், பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், சிநேகமாகச் சிரித்தார். "தம்பி, நீங்கள்ளாம் அம்பேத்கர் புத்திஸ்ட்டா? இங்கயாவது சுத்தமா சாப்பிட்டீங்களே, பாக்கவே சந்தோஷமா இருக்கு. ஊருக்குப் போனா பழையபடி அதானா?" என்றார். அதே சோறுதான் அவரும் சாப்பிட்டார், அதே பெஞ்சில். மடாலயத்துச் சோறு கேட்ட கேள்வி: 'யார் உழைத்தது?' அவர் வயிற்றுக்குள் போனதும் அது மாறிவிட்டது: 'யார் சுத்தம்?' இரண்டு இலையிலும் காய்கறிதான். ஒன்று பௌத்தம், இன்னொன்று பார்ப்பனியம். இந்த வித்தியாசம் தெரியாமல்தான் நம்ம பையன் பலகை எழுதுகிறான்.

*

சரி, புத்தர் என்ன சொன்னார்? மதத்தலைவர்கள் சொன்னதை விட்டுவிடுவோம். பாலி நூல்களில் பதிவாகியிருப்பதைப் பார்ப்போம்.

பிக்கு சமைக்கக் கூடாது, சேர்த்து வைக்கக் கூடாது, பிச்சைதான் எடுக்க வேண்டும். பிச்சைக்குப் போகும்போது பணக்கார வீடு, ருசியான வீடு என்று பொறுக்காமல், வீடு விடாமல் வரிசையாகப் போவது உயர்ந்த ஒழுக்கம். பாத்திரத்தில் எது விழுகிறதோ அது சாப்பாடு. இறைச்சி விழுந்தால்? தனக்காகவே அந்த உயிரைக் கொன்றதைப் பார்த்திருக்கக் கூடாது, கேட்டிருக்கக் கூடாது, சந்தேகமும் இருக்கக் கூடாது. இந்த மூன்றும் இல்லையென்றால் உண்ணலாம். மஜ்ஜிம நிகாயத்தில் ஜீவகன் என்ற மருத்துவன் நேராகவே கேட்கிறான், புத்தர் நேராகவே பதில் சொல்கிறார். விநயத்தில் பத்து வகை இறைச்சி விலக்கப்பட்டிருக்கிறது: மனிதன், யானை, குதிரை, நாய், பாம்பு, சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, கழுதைப்புலி. திரும்ப ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பசு இல்லை. பன்றியும் இல்லை.

சங்கத்தில் எவரும் மீனும் இறைச்சியும் தொடக்கூடாது என்று விதி போடச் சொல்லிக் கேட்ட ஒருவன் இருந்தான். ஐந்து கோரிக்கை வைத்தான், அதில் ஒன்று இது. புத்தர் மறுத்தார். விரும்புகிறவர் அப்படி இருந்துகொள்ளட்டும், எல்லார் மேலும் விதியாகச் சுமத்த மாட்டேன் என்பது அவர் நிலை. கேட்டவன் பெயர் தேவதத்தன், சங்கத்தை உடைத்தவன். பலகை எழுதும் தோழர்களே, நீங்கள் எழுதுவது புத்தருடைய விதி அல்ல, தேவதத்தனுடைய கோரிக்கை.

சுத்த நிபாதத்தில் ஆமகந்த சுத்தம் என்று ஒன்று உண்டு. 'ஆமகந்தம்' என்றால் பச்சை இறைச்சி வாடை. கறி தின்கிறவனை நாறுகிறாய் என்று ஒரு பிராமணன் பழிக்க, எது நாற்றம் என்று அதில் பதில் வருகிறது. கொல்வது, அடிப்பது, கட்டிவைப்பது, திருடுவது, பொய், வஞ்சனை, பிறன்மனை போவது இவையே நாற்றம், புலால் உண்பது அல்ல என்று. தமிழில் 'புலை' என்ற சொல்லுக்கு அகராதியைப் புரட்டுங்கள். இழிவு, தீட்டு, ஊன் என்று எல்லாப் பொருளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். நம்மைப் புலையர் என்று கூப்பிட்ட அந்த அகராதிக்கு இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே எழுதிய மறுப்பு ஆமகந்த சுத்தம்.

புத்தரின் கடைசிச் சாப்பாடு எல்லாருக்கும் தெரிந்த கதை. பாவா ஊரில் சுந்தன் வீட்டில் 'சூகரமத்தவம்' சாப்பிட்டார். அது பன்றி இறைச்சி என்றும் ஒரு வகைக் காளான் என்றும் பண்டிதர்கள் இன்றுவரை அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தச் சண்டை முக்கியமில்லை. பாத்திரத்தில் என்ன இருந்தது என்றே பார்க்கிறவர்கள் பாத்திரத்தை நீட்டியவன் யார் என்று பார்ப்பதில்லை. சுந்தன் ஒரு கொல்லன் வீட்டுப் பிள்ளை, பாலியில் 'கம்மாரபுத்தன்'. மனுஸ்மிருதி நான்காம் அத்தியாயத்தில் யார் யார் வீட்டுச் சோற்றைத் தின்னக் கூடாது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. தச்சன், நிஷாதன், கூத்தாடி, தோல் வேலை செய்கிறவன். அதில் 'கர்மாரன்' என்று கொல்லனும் இருக்கிறான். கம்மாரன், கர்மாரன் இரண்டும் ஒரே சொல். மனு எந்த வீட்டு வாசலை மிதிக்காதே என்றானோ அந்த வீட்டில்தான் புத்தர் கடைசியாகக் கை நனைத்தார். நோய் முற்றிய நிலையிலும் ஆனந்தரைக் கூப்பிட்டு, சுந்தன் மனம் நோகக் கூடாது, ஞானம் பெறும் முன் உண்ட சோறும் இந்தச் சோறும் சமமான புண்ணியம் என்று சொல்லி அனுப்பினார். போட்டவன் மனம் நோகக் கூடாது என்பது புத்தரின் கடைசிக் கவலைகளில் ஒன்று. நாமோ ஆயாவைத் தூக்குவாளியோடு திருப்பி அனுப்புகிறோம்.

இன்னும் ஒன்று, தேரகாதையில் மகாகாசியபர் சொல்வது. பிச்சைக்குப் போன இடத்தில் தொழுநோயாளி ஒருவன் தன் சோற்றில் ஒரு கவளம் போடுகிறான். அழுகிய விரல் ஒன்று ஒடிந்து பாத்திரத்துக்குள் விழுகிறது. காசியபர் ஒரு சுவரோரம் உட்கார்ந்து அந்தக் கவளத்தை உண்கிறார், அருவருப்பு வரவில்லை என்கிறார். பிச்சைப் பாத்திரம் என்பது இதுதான். சாதியை உடைக்க இந்த நாட்டில் செய்யப்பட்ட மிகப் பழைய கருவி. அதன் வாய் திறந்தே இருக்க வேண்டும். அதற்கு வடிகட்டி போட்டால் அது பிச்சைப் பாத்திரம் இல்லை, பூசாரியின் தாம்பாளம்.

*

'அப்படியானால் மகாயானம்? லங்காவதார சூத்திரம் இறைச்சியை மறுக்கிறதே?' என்று படித்த தோழர் கேட்பார். மறுக்கிறதுதான். எல்லா உயிரும் ஒரு பிறவியில் நமக்குத் தாயாக, உறவாக இருந்திருக்கும் என்கிற அந்த வாதத்தில் ஈரம் இருக்கிறது. தின்கிறவன் இல்லாவிட்டால் கொல்கிறவனும் இருக்கமாட்டான் என்பதிலும் நியாயம் உண்டு. ஆறாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் லியாங் மன்னன் வூ, சீனத்துச் சங்கத்தில் இறைச்சியையும் மதுவையும் தடை செய்தான். நான் சாப்பிட்ட சோற்றுக்கு அதுதான் வரலாறு. அங்கே சாதி இல்லை. ஆகையால் கருணை கருணையாகவே தங்கியது.

ஆனால் அதே லங்காவதாரத்தின் அதே அத்தியாயத்தைக் கொஞ்சம் தள்ளிப் படியுங்கள். இறைச்சி தின்கிறவன் அடுத்த பிறவியில் எங்கே பிறப்பான் என்று வருகிறது. சண்டாளர், புக்கசர், டோம்பர் குடும்பங்களில் பிறப்பானாம். பார்த்தீர்களா? கருணையைப் பேசுகிற வாயிலேயே நம் தாயின் வயிறு தண்டனைக் கொட்டடியாகிவிட்டது. எந்த மண்ணில் எழுதினாலும் அந்த மண்ணின் சாதி அதில் கலக்கும். புத்தர் பெயரில் எழுதினாலும் கலக்கும்.

ஐந்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இந்தியா வந்த சீனப் பிக்கு பாகியான் என்ன எழுதினார்? மத்திய தேசத்தில் யாரும் உயிர்க்கொலை செய்வதில்லை, மது குடிப்பதில்லை, வெங்காயம் பூண்டு தின்பதில்லை என்று மெச்சுகிறார். சண்டாளர் மட்டும் விலக்காம். அவர்கள் ஊருக்கு வெளியே இருக்கிறார்கள், நகரத்துக்குள் வரும்போது கட்டையைத் தட்டிக்கொண்டு வர வேண்டும், சத்தம் கேட்டு மற்றவர்கள் விலகிக்கொள்வார்கள். அவர்கள்தான் வேட்டையாடுகிறார்கள், இறைச்சி விற்கிறார்கள். பிக்கு இதை எழுதிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார். நமக்கு அந்தக் கட்டைச் சத்தம் இன்னும் காதில் விழுகிறது. சுத்தமான தேசமும் கட்டை தட்டுகிற சனமும் ஒரே பத்தியில் இருப்பது தற்செயல் அல்ல.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் பாபாசாகேப். 1948இல் வெளிவந்த 'தீண்டப்படாதவர்கள்' நூலில் அவர் வாதம் இது. வேள்வியில் மாடு வெட்டித் தின்ற பிராமணர்கள், பௌத்தத்தை வெல்வதற்காக இறைச்சியையே கைவிட்டார்கள், பசுவைப் புனிதமாக்கினார்கள். பௌத்தத்தைக் கைவிடாத, செத்த மாட்டைத் தின்றுவந்த சிதறுண்ட மக்கள் தீண்டப்படாதவர் ஆக்கப்பட்டார்கள். அதாவது, நம் பெரியவர்கள் பௌத்தராக இருந்ததும் மாட்டுக்கறி தின்றதும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல, ஒரே குற்றப்பத்திரிகையின் இரண்டு பிரிவுகள். இதைப் படித்துவிட்டுமா, பௌத்தன் ஆவதற்கு மாட்டுக்கறியை விடு என்கிறீர்கள்?

தமிழில் இதற்குச் சாட்சி இல்லையா? மணிமேகலையை எடுங்கள். ஆபுத்திரன் ஊரைவிட்டு விரட்டப்பட்டது எதற்காக? வேள்விக்குக் கட்டி வைத்த பசுவை இரவில் அவிழ்த்துவிட்டதற்காக. கட்டி வைத்தவர்கள் அந்தணர்கள். அதே காப்பியத்தில் ஆதிரையின் கணவன் சாதுவன் நாகர் தீவில் கரை ஒதுங்குகிறான். நாகர் தலைவன் அவனுக்குக் கள்ளும் ஊனும் கொடுக்கச் சொல்கிறான். சாதுவன் மறுத்து அறம் சொல்கிறான். அப்படியானால் நாங்கள் எப்படிப் பிழைப்பது என்று தலைவன் கேட்க, கரை ஒதுங்குகிற மனிதரைக் கொல்லாதீர்கள், மூப்படைந்து தானாகச் சாகும் விலங்கைத் தவிர வேறு உயிருக்குத் தீங்கு செய்யாதீர்கள் என்கிறான். செத்த மாட்டைத் தின்றதற்காக நம்மை ஊருக்கு வெளியே தள்ளினார்கள் அல்லவா? தமிழ்ப் பௌத்தக் காப்பியம் அறம் என்று அனுமதித்தது அதைத்தான். வகுப்பில் இந்தக் காதையை நடத்துகிறவர்கள் இதை மட்டும் வேகமாகத் தாண்டிப் போவார்கள். அந்தணன் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட கபிலர், கறிச்சோறு தின்றே தம் கை மென்மையானது என்று புறநானூற்றில் பாடியதையும் அப்படித்தான் தாண்டுவார்கள்.

*

இது ஏதோ பழங்கதை விவாதம் என்று நினைக்க வேண்டாம். 2002 அக்டோபரில் ஹரியானா ஜஜ்ஜார் பக்கம் துலினா காவல் சாவடியிலேயே ஐந்து தலித்துகளை அடித்துக் கொன்றார்கள், பசுவைத் தோலுரித்தார்கள் என்று சொல்லி. 2015 செப்டம்பரில் தாத்ரியில் ஒரு முஸ்லிம் பெரியவரை வீடு புகுந்து கொன்றார்கள், மாட்டுக்கறி வைத்திருந்தார் என்று சொல்லி. 2016 ஜூலையில் குஜராத் ஊனாவில் செத்த மாட்டை உரித்த நம் பிள்ளைகளைக் காரில் கட்டி அடித்தார்கள். 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. உணவகம் ஒன்றில் 'சைவர்'களுக்குத் தனி வழி, தனிக் கைகழுவும் தொட்டி என்று காகிதம் ஒட்டினார்கள். எதிர்ப்பு வந்ததும் கிழித்தார்கள். இங்கே 2003இல் கோயில்களில் ஆடு கோழி வெட்டத் தடை என்று பழைய சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். சனங்கள் கொதித்ததும் 2004இல் அந்தச் சட்டமே போனது. அடி, தனித் தொட்டி, தடை எல்லாவற்றுக்கும் மேலே எழுதியிருக்கும் சொல் ஒன்றுதான்: சுத்தம்.

ஊனாவில் அடிபட்ட குடும்பத்தார் 2018 ஏப்ரலில் தங்கள் கிராமத்திலேயே பௌத்தம் தழுவினார்கள். மாட்டை உரித்த கையோடுதான் வந்தார்கள். அவர்கள் நம் சேரி விகாரைக்கு வந்தால் உங்கள் பலகை என்ன சொல்லும்? குளித்துவிட்டு வா என்றா?

பௌத்தம் என்று பெயர் இருந்தாலே காப்பு என்றும் நினைக்க வேண்டாம். இலங்கையில் 2013 வெசாக் நாளில் கண்டி தலதா மாளிகை அருகே மாடறுப்பைத் தடை செய் என்று ஒரு பிக்கு தன்னைத் தீயிட்டுக்கொண்டு இறந்தார். 2020இல் மாடறுப்புத் தடைக்கு அந்த நாட்டு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அங்கே அந்தக் கோஷத்தின் முனை முஸ்லிம் வியாபாரியின் கழுத்தில்தான் இருந்தது. அதே கத்தியை இங்கே நம் கையில் கொடுக்கப் பார்க்கிறார்கள்.

*

நம் ஆட்களிடமிருந்து வரும் எதிர்வாதங்களுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

'பாபாசாகேபே 1927 மகாத் மாநாட்டில் விடச் சொன்னாரே?' சொன்னார். செத்த மாட்டு இறைச்சியையும் எச்சில் சோற்றையும் விடச் சொன்னார். அது சாதி இந்து தூக்கி எறிந்ததை, தூக்கிப் போடுகிற அடிமை வேலைக்குக் கூலியாகத் தின்காதே என்கிற சுயமரியாதை. சந்தையில் காசு கொடுத்து வாங்கி, உப்புக்கண்டம் போட்டு, மழைக்காலத்துக்குக் கூரையில் தொங்கவிட்ட எங்கள் அம்மாவுக்கு அது பொருந்தாது. 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் லட்சக்கணக்கான மக்களுக்கு அவர் கொடுத்த 22 உறுதிமொழிகளில் குடிக்க மாட்டேன் என்று இருக்கிறது. எல்லா உயிரிடமும் கருணை காட்டுவேன் என்று இருக்கிறது. கறி தின்ன மாட்டேன் என்று எங்கே இருக்கிறது? காட்டுங்கள். 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் அகிம்சையை அவர் விதியாக வைக்கவில்லை, கோட்பாடாக வைத்தார். கொல்லும் ஆசைக்கும் கொல்ல வேண்டிய தேவைக்கும் வித்தியாசம் பார்க்கச் சொன்னார். விதி மனிதனைக் கட்டிப்போடும். கோட்பாடு யோசிக்கச் சொல்லும்.

'இறைச்சி வியாபாரத்தைப் புத்தர் விலக்கினாரே?' உபாசகர் செய்யக்கூடாத ஐந்து வியாபாரங்களில் ஆயுதம், உயிர்கள், மது, நஞ்சு இவற்றோடு இறைச்சியும் இருக்கிறது. மறைக்கவில்லை. கறிக்கடை வைத்துப் பிழைக்கிற நம் ஆள் விகாரைக்கு வந்தால், அவனோடு இதைப் பேசலாம், அவன் பிள்ளைக்கு வேறு தொழிலுக்கு வழி தேடலாம். அவனை வாசலில் நிறுத்த அந்த வாக்கியத்தில் எங்கே இடம் இருக்கிறது? மக்களைத் தேர்ந்தெடுத்துத் தொழில் கொடுத்தது சாதி. தொழிலைக் காட்டி மக்களை விரட்டுவதும் சாதியே.

'மாட்டுக்கறி தின்பதுதான் புரட்சியா?' இல்லை. 90களில் நம் இதழ்களில் மாட்டுக்கறியை எதிர்ப்பண்பாட்டின் அடையாளமாக எழுதியதற்குத் தேவை இருந்தது. ஒளித்துத் தின்ற சனத்துக்கு வெளியில் வைத்துத் தின்னத் தைரியம் வந்தது. அதற்காகக் கறி தின்னாத தலித்தைத் துரோகி என்று நான் சொல்லமாட்டேன். உயிர்மேல் இரக்கப்பட்டு ஒருவர் விட்டால், அவருக்கு என் வணக்கம். எங்கள் குழுவிலேயே இரண்டு பேர் கறி தொடுவதில்லை. அவர்களும் நானும் ஒரே பாயில் உட்கார்ந்து அவரவர் தட்டில் சாப்பிடுகிறோம். தன் வாய்க்குப் போட்டுக்கொண்ட கட்டுப்பாடு நோன்பு. அடுத்தவன் காலுக்குப் போட்ட கட்டுப்பாடு தீண்டாமை. நோன்பைப் பலகையில் எழுத வேண்டியதே இல்லை.

*

ஆகவே விகாரை நடத்தும் தோழர்களுக்குச் சில காரியங்களைச் சொல்கிறேன். கூட்டம் போட்டுப் பேசுங்கள், திட்டுங்கள், முடிவெடுங்கள்.

ஒன்று, புலால் உண்டவர் உள்ளே வரக்கூடாது என்று எழுதிய பலகை எங்கே இருந்தாலும் கழற்றுங்கள். புத்தர் போடாத விதியைப் போட நமக்கு அதிகாரம் கிடையாது.

இரண்டு, விகாரையில் எல்லாருக்கும் பொதுவாகச் சமைக்கும்போது காய்கறிச் சாப்பாடு போடுங்கள். எல்லாரும் சேர்ந்து உண்ண அது வசதி, செலவும் குறைவு. ஆனால் வீட்டிலிருந்து ஒருவர் தானமாகக் கொண்டுவருவதைத் திருப்பி அனுப்பாதீர்கள். வாங்கி வைத்து, உண்கிறவர் உண்ணட்டும். பிக்குவுக்கு வேண்டாமென்றால் பிக்கு சொல்லட்டும், அதைச் சொல்லும் முறை அவருக்குத் தெரியும். வாசலில் நிற்கிறவனுக்கு அந்த வேலை வேண்டாம்.

மூன்று, 'சைவம்', 'சுத்தம்', 'தீட்டு' என்ற சொற்களை விகாரைக்குள் புழங்காதீர்கள். காய்கறிச் சாப்பாடு என்று சொன்னால் வாய் வலிக்காது.

நான்கு, சாப்பிட உட்காரும்போது, இந்தச் சோற்றில் யார் உழைப்பு இருக்கிறது என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். நாற்று நட்டவள், களத்தில் தூற்றியவன், பாத்திரம் தேய்க்கிறவள், எல்லார் பெயரும் வரட்டும். சமைப்பதும் கழுவுவதும் பெண்கள் தலையிலேயே விழுகிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். விகாரை அடுப்படியில் நம் வீட்டுப் பெண்கள் வேகிறார்கள், மேடையில் நாம் சமத்துவம் பேசுகிறோம். கறியா காயா என்பதைவிட இது பெரிய கேள்வி.

இதையெல்லாம் வரும் அக்டோபர் 14க்குள் செய்துவிடலாம். அன்றைக்குப் புதிதாகச் சரணம் சொல்ல நிறைய பேர் வருவார்கள். துப்புரவு வேலையிலிருந்து, தோல் தொழிற்சாலையிலிருந்து, கறிக்கடையிலிருந்து வருவார்கள். அவர்கள் நேராக உள்ளே வந்து உட்காரட்டும்.